இன்ஸ்டன்ட் ஃபிலிமில் ஊசித்துளை கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸுக்குப் பதில் சின்னத் துளை மட்டும் உள்ள பெட்டிதான் ஊசித்துளை கேமரா. அதைச் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது துளையைப் பற்றித்தான். துளை போடுவது சுலபம். எடுத்த சில நிமிடங்களில் தாளிலேயே படம் தெரியும் இன்ஸ்டன்ட் ஃபிலிமைச் சேர்த்தால் தொல்லை கொடுப்பவை வேறு இரண்டு: எடுத்த படத்தை எப்படி டெவலப் செய்வது என்பதும், அந்த ஃபிலிம் வெளிச்சத்தை விழுங்கும் வேகமும். என்னிடம் அடிக்கடி வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் நான்காவது கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டு ஃபிலிம் வாங்கப் போங்கள்.

லென்ஸே இல்லாம எப்படிங்க படம் விழும்?

வெளிச்சம் நேர்கோட்டில் போகிறது. மரத்தின் உச்சியிலிருந்து கிளம்பும் ஒளி சின்னத் துளை வழியாக நுழைந்தால் பெட்டியின் பின்சுவரில் கீழேதான் விழ முடியும். அடிமரத்தின் ஒளி மேலே விழும். இப்படி ஒவ்வொரு புள்ளியும் தனக்கான இடத்தில் விழுவதால் தலைகீழான, இடவலம் மாறிய முழுப் படம் உருவாகிறது. பதினோராம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் இதை விளக்கி எழுதியிருக்கிறார்.

லென்ஸ் ஒளியைக் குவிக்கிறது. துளை வேண்டாத கதிர்களைத் தடுக்க மட்டும் செய்கிறது. அதனால் படம் கொஞ்சம் மென்மையாக இருக்கும், வெளிச்சமும் மிகக் குறைவாகவே உள்ளே வரும். பதிலுக்கு, ஃபோகஸ் என்ற கவலை கிடையாது. முன்னால் இருக்கும் கல்லும் தூரத்து மலையும் ஒரே அளவு தெளிவாகத் தெரியும்.

சாதா போட்டோ பேப்பர் வச்சே செய்யலாமே, இன்ஸ்டன்ட் எதுக்கு?

பேப்பரில் செய்தால் இருட்டறை, தட்டுகள், ரசாயனங்கள் எல்லாம் வேண்டும். எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழவிட்ட வெளிச்சத்தின் அளவு, தப்பியதா என்று தெரிய வீடு திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். இன்ஸ்டன்ட் ஃபிலிமில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் திருத்திக்கொண்டு மறுபடி எடுக்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட வேகமான வழி இல்லை.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு தாளும் காசு. நெகட்டிவ் கிடையாது, கிடைப்பது ஒரே பிரதிதான். அதைவிட முக்கியம், அதிக வெளிச்சத்தையும் குறைந்த வெளிச்சத்தையும் ஒரே படத்தில் தாங்கும் சக்தி இந்த ஃபிலிமுக்குக் குறைவு. வானத்தைச் சரியாகப் பிடித்தால் நிழல் கறுத்துவிடும், நிழலைப் பிடித்தால் வானம் வெளுத்துவிடும். சிக்கனமாகப் பழக விரும்பினால் பேப்பரே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

இன்ஸ்டாக்ஸா, போலராய்டா, எதை வாங்கறது?

ஃபியூஜியின் இன்ஸ்டாக்ஸ் மூன்று அளவுகளில் வருகிறது. மினியின் படப் பகுதி 62 × 46 மி.மீ., ஸ்கொயர் 62 × 62, வைட் 99 × 62. மூன்றுக்கும் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் எண், கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்) 800, ஒரு பேக்கில் 10 தாள். போலராய்டில் 600, ஐ-டைப் இரண்டும் ஐஎஸ்ஓ 640; எஸ்எக்ஸ்-70 வகை மட்டும் ஐஎஸ்ஓ 160. இப்போதைய பேக்கில் 8 தாள். 600, எஸ்எக்ஸ்-70 பேக்குகளின் அடியில் ஒரு தட்டை பேட்டரி இருக்கும். பழைய போலராய்டு கேமராவின் மோட்டாரே அதில்தான் ஓடுகிறது. ஐ-டைப் பேக்கில் அந்த பேட்டரி இல்லை, இன்ஸ்டாக்ஸ் பேக்கிலும் இல்லை.

என் தேர்வு இன்ஸ்டாக்ஸ் வைட். ஊசித்துளைப் படத்துக்குப் பெரிய தாள் எப்போதும் நல்லது. காரணம் கடைசிக் கேள்வியில் வரும். ஆனால் உங்களிடமோ நண்பரிடமோ ஏற்கெனவே மினி கேமரா இருந்தால் யோசிக்காமல் மினியில் தொடங்குங்கள். எந்த இன்ஸ்டன்ட் கேமரா கைவசம் இருக்கிறதோ அதற்கான ஃபிலிம்தான் உங்கள் ஃபிலிம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

பெட்டியும் ஃபிலிமும் இருந்தாப் போதாதா? இன்னொரு கேமரா எதுக்கு?

இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். ஒவ்வொரு இன்ஸ்டன்ட் தாளின் அகலமான ஓரத்திலும் ரசாயனப் பசை அடைத்த ஒரு சின்ன உறை இருக்கிறது. படம் வெளியே வரும்போது இரண்டு உலோக உருளைகள் அந்த உறையை நசுக்கி, பசையைத் தாளின் அடுக்குகளுக்கு நடுவே சீராகப் பரப்புகின்றன. டெவலப் ஆவது அதற்கு அப்புறம்தான். போலராய்டின் நிறுவனர் எட்வின் லேண்ட் 1947-ல் செய்துகாட்டிய முறையிலேயே இந்த உறையும் உருளைகளும் இருந்தன. 1972-ல் வந்த எஸ்எக்ஸ்-70 கேமரா அதை மோட்டாருக்கு மாற்றி, டெவலப் ஆனதும் தாளின் அடுக்குகளைக் கையால் பிரிக்கும் வேலையையும் ஒழித்தது.

ஆகவே உங்கள் பெட்டியில் வெளிச்சம் பட்ட தாளை உருளைகள் வழியாக ஓட்டியாக வேண்டும். மிகச் சுலபமான வழி, அதே ஃபிலிமுக்கான சாதாரண இன்ஸ்டன்ட் கேமரா ஒன்றை டெவலப் செய்யும் இயந்திரமாக மட்டும் வைத்துக்கொள்வது. லென்ஸ் கீறியிருந்தாலும் ஃபிளாஷ் செத்திருந்தாலும் பரவாயில்லை. மோட்டாரும் உருளையும் ஓடினால் போதும்.

கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் வேறு வழியும் உண்டு. லோமோகிராஃபி நிறுவனத்தின் லோமோகிராஃப்லாக் என்ற, கேமராவின் பின்னால் மாட்டும் பகுதி இன்ஸ்டாக்ஸ் வைட் ஃபிலிமை ஏற்று, தானே உருட்டி வெளியே தள்ளும். 4×5 அங்குல கேமராக்களுக்காகச் செய்யப்பட்டது அது. அதன் முன்னால் ஊசித்துளைப் பெட்டியைக் கட்டிவிட்டால் இருட்டில் தடவும் வேலையே இல்லை.

சப்பாத்திக் கட்டையால உருட்டினா டெவலப் ஆகாதா?

ஆகும், அரைகுறையாக. பசை உறை உள்ள தடித்த ஓரத்திலிருந்து தொடங்கி, சமதளத்தில் வைத்து, ஒரே அழுத்தத்தில், நடுவில் நிறுத்தாமல் ஒரு முறை தள்ள வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம் பசை அதிகமாகவும் இன்னொரு பக்கம் எட்டாமலும் போகும். மூலைகளில் படமே இல்லாத திட்டுகள் வரும். அந்தக் கோலம் பிடித்திருந்தால் செய்யுங்கள். எக்ஸ்போஷர் சரியா தவறா என்று கற்றுக்கொள்ளும் கட்டத்தில் வேண்டாம். எது துளையின் குறை, எது கையின் குறை என்று பிரித்துப் பார்க்க முடியாது.

உறைக்குள் இருக்கும் பசை காரத்தன்மை கொண்டது, தோலை அரிக்கும். கசிந்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது தாளை வெட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

பழைய இன்ஸ்டன்ட் கேமராவோட லென்ஸைக் கழட்டிட்டு, அங்கேயே துளையை ஒட்டிடலாம்ல?

ஒட்டலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். உருளையும் ஃபிலிம் அறையும் தயாராகவே இருப்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஃபிளாஷுக்கான மின்தேக்கி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். நன்றாகத் தூக்கி அடிக்கும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. மின்தேக்கியைப் பாதுகாப்பாக வெறுமையாக்கத் தெரியாதவர்கள் கேமராவைப் பிரிக்கவே கூடாது. மின்னணு வேலை தெரிந்தவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நான்காவது கேள்வியில் சொன்ன வழியிலேயே போங்கள்.

பெட்டியை எதுல செய்யறது? அட்டை தாங்குமா?

தடித்த அட்டை, நுரைப் பலகை, மெல்லிய ஒட்டுப்பலகை எதுவும் சரி. உள்ளே முழுக்க மினுமினுப்பில்லாத கறுப்பு வேண்டும். பளபளக்கும் கறுப்பு பெயின்ட் ஒளியைத் திருப்பி அடித்துப் படத்தைச் சாம்பல் பூத்ததுபோல ஆக்கிவிடும். மூடி வெறுமனே உட்காரக் கூடாது. ஷூ பெட்டியின் மூடிபோலச் சில சென்டிமீட்டர் கீழிறங்கி, சுவரை வெளியிலிருந்து மூட வேண்டும். வெளிச்சம் வளைந்து திரும்பி உள்ளே போக முடியாதபடி மூட்டுகளை அமைத்தால் பாதி டேப் மிச்சம்.

பின்சுவரில் ஃபிலிம் பேக் முழுதாக உட்கார்ந்து அசையாமல் நிற்க ஒரு சட்டம் கட்டுங்கள். தாளைத் தனியாக எடுத்து ஒட்டுவதைவிட முழு பேக்கையும் வைப்பது எவ்வளவோ நிம்மதி. தூரத்தை அளக்கும்போது துளையிலிருந்து தாள் வரை அளக்க வேண்டும், பெட்டிச் சுவர் வரை அளக்கக் கூடாது. மினிக்கு 50 மி.மீ., வைடுக்கு 80 மி.மீ. என்று தொடங்கலாம். முடித்ததும் ஓர் இருட்டறையில் செல்போன் விளக்கை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் காத்திருந்து எல்லா ஓரத்தையும் பாருங்கள். துளை தவிர வேறெங்கும் ஒளி தெரியக் கூடாது.

துளை சின்னதாகச் சின்னதாகப் படம் தெளிவாகும்தானே?

ஓர் அளவு வரைதான். அதற்குக் கீழே போனால் ஒளி விளிம்பில் வளைந்து சிதற ஆரம்பித்து, படம் மறுபடி மங்கும். நடு அளவைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு: தூரத்தை மி.மீ.-ல் எடுத்து 0.00055-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 1.9-ஆல் பெருக்குங்கள். 0.00055 என்பது பச்சை ஒளியின் அலைநீளம், மி.மீ.-ல். 50 மி.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய 0.31 வரும், 80 மி.மீ.-க்கு 0.40.

இதில் நூலிழைத் துல்லியம் தேவையில்லை. 0.31-க்குப் பதில் 0.28-ஓ 0.35-ஓ வந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. துளை வட்டமாக இருப்பதும், விளிம்பில் பிசிறு இல்லாமல் இருப்பதும்தான் அதைவிட முக்கியம்.

0.3 மி.மீ. துளையை வீட்டுல எப்படிப் போடறது? எப்படி அளக்கறது?

குளிர்பான டின்னின் பக்கச் சுவர் போதும், அது சுமார் 0.1 மி.மீ. தடிமன்தான். ஒரு சிறு துண்டு வெட்டி, தடித்த அட்டைமேல் வைத்து, மெல்லிய தையல் ஊசியின் நுனியால் லேசாக ஒரு குழி மட்டும் போடுங்கள், துளைக்க வேண்டாம். திருப்பி, மறுபக்கம் புடைத்திருக்கும் மேட்டை மிக நைசான உப்புத்தாளால் தேயுங்கள். மறுபடி குழி, மறுபடி தேய்ப்பு. உலோகம் மெலிந்து ஒரு கட்டத்தில் தானே ஒளி தெரியும். அப்போது ஊசி நுனியை உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றினால் வட்டமாகும். ஒரே குத்தில் துளைத்தால் விளிம்பு கிழிந்து குழாய்போல நீட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட துளையை எறிந்துவிட்டு அடுத்த துண்டை எடுங்கள், டின்னில் இடம் நிறைய இருக்கிறது.

அளக்க ஸ்கேனர் போதும். 2400 டிபிஐ-ல் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தால் 0.3 மி.மீ. துளை ஏறக்குறைய 28 புள்ளி அகலம் இருக்கும். பொதுவாக, புள்ளிகளின் எண்ணிக்கையை 25.4-ஆல் பெருக்கி 2400-ஆல் வகுத்தால் மி.மீ. கிடைக்கும். கடைசியாக, உள்ளே பார்க்கும் பக்கத்தைக் கறுப்பு மார்க்கரால் பூசிவிடுங்கள், மை துளைக்குள் இறங்காமல்.

தாளோட எந்தப் பக்கம் துளையைப் பார்க்கணும்?

பேக்கின் பெரிய ஜன்னல் வழியாகத் தெரியும் பக்கம் துளையைப் பார்க்க வேண்டும். இன்ஸ்டாக்ஸ், போலராய்டு இரண்டுக்கும் இதுவே விதி. முழு பேக்கையும் வைத்தால் குழப்பமே இல்லை. தனித் தாளை எடுத்தீர்கள் என்றால், எடுத்த பக்கத்தை மறக்காமல் கையிலேயே பிடித்திருங்கள். தடித்த ஓரம் பசை உறை, அதை விரலால் இருட்டிலும் கண்டுபிடிக்கலாம்.

சிவப்பு விளக்கு போட்டுக்கிட்டு ஃபிலிமை மாத்தலாமா?

கூடாது. சிவப்பு விளக்கு கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பருக்கு மட்டும்தான். இந்த ஃபிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கும், சிவப்பிலும் வெளுத்துவிடும். முழு இருட்டு வேண்டும். கை நுழைக்கும் ஃபிலிம் மாற்றும் பை இருந்தால் வெளியிலேயே வேலை செய்யலாம். இல்லையென்றால் ஜன்னல் இல்லாத அறை, இரவு, கதவிடுக்கில் துணி. கையில் ஒளிரும் கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். இதை யாரும் சொல்வதில்லை.

ஒரு படம் எடுக்கறதை ஆரம்பத்துல இருந்து கடைசி வரை வரிசையாச் சொல்லுங்களேன்.

புது பேக்கை இன்ஸ்டன்ட் கேமராவில் போட்டு மூடி, பேக்கின் கறுப்பு மேல்தகட்டை வெளியே தள்ளச் செய்யுங்கள். போலராய்டு தானாகவே தள்ளும், இன்ஸ்டாக்ஸ் மினியில் பெரும்பாலும் ஒரு முறை பட்டனை அழுத்த வேண்டும். அந்தத் தகட்டை எறியாதீர்கள். அப்புறம் இருட்டில் கேமராவைத் திறந்து, பேக்கை எடுத்து, உங்கள் பெட்டியின் சட்டத்தில் வைத்து மூடுங்கள். வெளியே வாருங்கள், பெட்டியை அசையாத இடத்தில் வையுங்கள், எடுங்கள்.

திரும்ப இருட்டுக்குப் போய் பேக்கை இன்ஸ்டன்ட் கேமராவுக்கு மாற்றி மூடுங்கள். அதற்கு முன்பே அந்தக் கேமராவின் லென்ஸைக் கறுப்பு டேப்பால் நன்றாக அடைத்திருக்க வேண்டும். பின்கதவைத் திறந்து மூடியதால் கேமரா அதைப் புது பேக் என்றே நினைக்கும். மேல்தகட்டைத் தள்ளுவதாக எண்ணி உங்கள் படத்தை உருட்டித் தள்ளிவிடும். எண்ணிக்கை காட்டும் ஜன்னல் பொய் சொல்லும் என்பதால் மிச்சத் தாள்களின் கணக்கை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பேக்கை வெளிச்சத்தில் தூக்கிக்கொண்டு போக வேண்டுமானால், இருட்டில் அந்தக் கறுப்புத் தகட்டை வெளியேறும் பிளவு வழியாக மேல் தாளுக்கு முன்னால் செருகிக்கொள்ளலாம். பழகக் காலியான பேக்கையும் வீணான தாளையும் வைத்து முதலில் வெளிச்சத்தில், அப்புறம் கண்ணை மூடி, செய்து பாருங்கள்.

எத்தனை செகண்ட் திறந்து வைக்கணும்?

தூரத்தைத் துளையால் வகுங்கள். 50-ஐ 0.31-ஆல் வகுத்தால் சுமார் 160, அதாவது உங்கள் கேமரா எஃப்/160. இந்த எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். செல்போனில் ஒளி அளக்கும் செயலி ஒன்றில் ஐஎஸ்ஓ 800, எஃப்/16 என்று வைத்து நேரத்தைப் படியுங்கள். எஃப்/160 அதைவிடப் பத்து மடங்கு. வெளிச்சமோ நூறு மடங்கு குறைவு. எனவே செயலி சொல்லும் நேரத்தை 100-ஆல் பெருக்குங்கள். வைடுக்கான 80 மி.மீ. பெட்டி எஃப்/200, அதற்கு ஏறக்குறைய 156-ஆல் பெருக்க வேண்டும்.

செயலி இல்லாவிட்டால், எஃப்/160-க்கும் ஐஎஸ்ஓ 800-க்கும் இதை மனதில் வையுங்கள்: நல்ல வெயிலில் 1/8 நொடி, நிழல் விழாத வெளிச்சமான மேகமூட்டத்தில் அரை நொடி, கனத்த மேகத்தில் 1 நொடி, திறந்தவெளி நிழலில் 2 நொடி.

1/8 செகண்டா! கையால எப்படித் திறந்து மூடறது? என் படம் எல்லாம் வெள்ளையா வருதே.

வெள்ளையாக வரக் காரணமே அதுதான். ஊசித்துளை என்றாலே நிமிடக்கணக்கில் காத்திருப்பது என்ற எண்ணம் மெதுவான பேப்பரிலிருந்து வந்தது. ஐஎஸ்ஓ 800 வெயிலில் கைக்கு அடங்காது. டேப்பைத் தூக்கி ஒட்டுவதற்குள் அரை நொடி ஓடிவிடும், அது நான்கு மடங்கு வெளிச்சம். இந்த ஃபிலிம் அதை மன்னிக்காது.

முதல் மருந்து, நேரத்தை மாற்றுவது: காலை, மாலை, மேகம், நிழல். 1 நொடியும் அதற்கு மேலும் என்றால் கையால் தாராளமாக எண்ணலாம். இரண்டாவது, துளைக்கு முன்னால், நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் சாம்பல் நிற என்.டி. ஃபில்டர். மூன்று நிறுத்தம் (ஸ்டாப்; ஒவ்வொன்றும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) குறைப்பது 1/8-ஐ 1 நொடியாக்கும். ஃபில்டர் இல்லையென்றால் வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியின் வில்லையும் உதவும். வகை 3 என்று குறித்த கண்ணாடி 8 முதல் 18 சதவீத ஒளியைத்தான் விடும், அதாவது நேரம் 6 முதல் 12 மடங்கு கூடும். பழுப்புச் சாயம் உள்ளதாக இருந்தால் படமும் பழுக்கும், சாம்பல் சாயம் உள்ளதைத் தேடுங்கள். மூன்றாவது, துளையைக் கொஞ்சம் சிறிதாக்குவது. 50 மி.மீ.-க்கு 0.2 துளை போட்டால் எஃப்/250, நேரம் சுமார் இரண்டரை மடங்கு. தெளிவு சற்றே குறையும்.

பெட்டியை நீளமாக்கினால் சரியாகுமே என்று சிலர் கேட்கிறார்கள். பெரிதாக உதவாது. தூரத்தை இரட்டிப்பாக்கி, அதற்கேற்ற துளையும் போட்டால் நேரம் இரண்டு மடங்குதான் கூடும்.

டேப்பைத் தூக்கும்போது பெட்டி ஆடுது, என்ன பண்றது?

ஒரு கறுப்பு அட்டையைத் துளைக்கு முன்னால், பெட்டியைத் தொடாமல் பிடியுங்கள். டேப்பை எடுத்துவிடுங்கள். ஆட்டம் அடங்கியதும் அட்டையை விலக்குங்கள், எண்ணுங்கள், அட்டையை மறுபடி முன்னால் கொண்டுவாருங்கள், அப்புறம் டேப்பை ஒட்டுங்கள். பெட்டி இலேசாக இருந்தால் மேலே ஒரு கல்லை வைக்கலாம்.

வியூஃபைண்டர் இல்லாம எது படத்துல விழும்னு எப்படித் தெரியும்?

பெட்டியின் மேல்பக்கத்தில் துளைக்கு நேர் மேலே ஒரு புள்ளியும், தாளின் இரு ஓரங்களுக்கு நேர் மேலே இரண்டு புள்ளிகளும் வையுங்கள். பின்புள்ளிகளிலிருந்து முன்புள்ளிக்குக் கோடு போடுங்கள். வலது பின்புள்ளிக் கோட்டின் வழியே பார்த்தால் படத்தின் இடது எல்லை, இடதில் வலது எல்லை. மினியைப் படுக்கையாக 50 மி.மீ.-ல் வைத்தால் இரண்டு மீட்டர் தூரத்தில் சுமார் இரண்டரை மீட்டர் அகலம் விழும். நினைப்பதைவிட அகலமான பார்வை இது, கிட்டப் போங்கள்.

வீட்டுக்குள்ள எடுத்தேன். கணக்குப்படி 30 செகண்ட் வச்சும் கறுப்பா வந்திருக்கு.

கணக்கு சரிதான், ஃபிலிம்தான் களைத்துவிடுகிறது. மங்கலான ஒளி நெடுநேரம் விழும்போது எந்த ஃபிலிமும் தன் வேகத்தில் கொஞ்சத்தை இழக்கும். 1 நொடி வரை கணக்கை அப்படியே நம்பலாம். 10 நொடி என்று வந்தால் 20-ல் தொடங்குங்கள், 30 என்று வந்தால் ஒன்றரை நிமிடத்தில் தொடங்கிப் பாருங்கள். இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. பேக்குக்குப் பேக் மாறும். நெடுநேர எக்ஸ்போஷரில் நிறமும் ஒரு பக்கமாகச் சாயும். உங்கள் பேக் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதல் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

போர்டு எழுத்து கண்ணாடியில பார்க்கற மாதிரி திரும்பி வந்திருக்கு. எங்கே தப்பு?

தப்பு எதுவும் இல்லை, நீங்கள் போலராய்டு ஃபிலிம் போட்டிருக்கிறீர்கள். போலராய்டு தாள் எந்தப் பக்கம் ஒளி வாங்குகிறதோ அதே பக்கம்தான் படத்தைக் காட்டும். அதனால்தான் அந்தக் கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி இருந்து படத்தைத் திருப்புகிறது. உங்கள் பெட்டியில் கண்ணாடி இல்லை. இன்ஸ்டாக்ஸ் பின்பக்கம் ஒளி வாங்கி முன்பக்கம் காட்டுவதால் நேராக வரும். போலராய்டுதான் வேண்டும் என்றால் ஸ்கேன் செய்து திருப்பிக்கொள்ளலாம், அல்லது எழுத்தில்லாத காட்சியாகத் தேடலாம். பெட்டிக்குள் 45 பாகையில் கண்ணாடி வைப்பதும் முடியும். தூரக் கணக்கில் கண்ணாடி வரையும் அங்கிருந்து தாள் வரையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஒரு ஓரத்துல மட்டும் வெள்ளையா திட்டு. ஒளி கசியுதா, பசை பரவலையா?

வெளிச்சக் கசிவு பெரும்பாலும் மென்மையான விளிம்போடு, ஒரு திசையிலிருந்து பாய்ந்ததுபோல இருக்கும், ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வரும். பசைக் குறை கூர்மையான விளிம்போடு வரும், பெரும்பாலும் மூலைகளில். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகள் என்றால் உருளையில் காய்ந்த பசை ஒட்டியிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு தாளைப் பெட்டியில் வைத்து, துளையைத் திறக்காமலே வெயிலில் இரண்டு நிமிடம் திருப்பித் திருப்பி வைத்து டெவலப் செய்யுங்கள். முழுக்கக் கறுப்பாக வந்தால் பெட்டியில் குறை இல்லை. ஒரு தாள் போகும்தான், ஆனால் மிச்சத் தாள்களைக் காப்பாற்றும்.

நடுவுல சரியா இருக்கு, மூலையெல்லாம் இருட்டா இருக்கே?

மூலைக்குப் போகும் ஒளி அதிக தூரம் போகிறது, சாய்வாகவும் விழுகிறது. மினியை 50 மி.மீ.-ல் வைத்தால் மூலையில் நடுவைவிட ஐந்தில் இரண்டு பங்கு வெளிச்சம்தான். 80 மி.மீ.-க்குப் பின்னால் தள்ளினால் மூன்றில் இரண்டு பங்கு ஆகும், பார்வை குறுகும். டின் தகடு தடிமனாக இருந்தால் இருட்டு இன்னும் கூடும். துளையைச் சுற்றி நன்றாகத் தேய்க்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். எனக்கு இந்த இருட்டு பிடிக்கும், நான் சரிசெய்வதில்லை.

வெயில் காலத்துல மஞ்சளா, குளிர்ல வெளிறி வருது. ஃபிலிம் கெட்டுப்போச்சா?

பசையின் வேதிவினை வெப்பத்தைப் பொறுத்தது. போலராய்டு தன் ஃபிலிமுக்கு 13 முதல் 28 பாகை செல்சியஸைச் சொல்கிறது; மேலே போனால் மஞ்சளும் சிவப்பும், கீழே போனால் வெளிறல். இன்ஸ்டாக்ஸ் 5 முதல் 40 வரை தாங்கும். குளிரில் எடுத்த படத்தைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போலராய்டு வெளியே வந்த முதல் சில நொடிகள் வெளிச்சம் படாமல் மறைக்க வேண்டும். இன்ஸ்டாக்ஸில் ஒன்றரை நிமிடத்தில் படம் தெரியத் தொடங்கும், போலராய்டு வண்ணத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். ஆட்டாதீர்கள், பயன் இல்லை. பயன்படுத்தாத பேக்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம், உறையவிடக் கூடாது.

பழைய, பிரிச்செடுக்கிற இன்ஸ்டன்ட் ஃபிலிம் இதுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

ஒரு காலத்தில் மிக நல்லது. கையால் இழுத்தாலே உருளை வழியாக வரும், மோட்டார் வேண்டாம். ஃபியூஜியின் கடைசி வகையான எஃப்பி-100சி 2016-ல் நிறுத்தப்பட்டது. இப்போது கிடைப்பவை காலாவதியானவை, பசை காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் தொட வேண்டாம்.

எல்லாம் சரியாச் செஞ்சும் முகம் தெளிவா வரலையே, இன்னும் என்ன குறை?

குறை இல்லை, இது எல்லை. 0.31 மி.மீ. துளை தாளில் போடும் மிகச் சிறிய புள்ளியும் ஏறக்குறைய அதே அளவுதான். மினியின் 62 மி.மீ. நீளத்தில் அப்படி 200 புள்ளிகள்தான் அடங்கும். வைடின் 99 மி.மீ.-ல் 0.40 துளையோடு சுமார் 250. மூன்றாவது கேள்வியில் வைட் என்று சொன்னது இதனால்தான். ஆனால் அங்கேயும் கூட்டத்தில் நிற்பவரின் கண்ணிமை தெரியப்போவதில்லை.

பெரிய வடிவங்களைத் தேடுங்கள்: வானத்தை வெட்டும் கட்டடம், ஒற்றை மரம், படிக்கட்டு, ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர். முகம்தான் வேண்டும் என்றால் பெட்டியை அவருக்கு முப்பது சென்டிமீட்டர் பக்கத்தில் வையுங்கள், ஃபோகஸ் பிரச்சினை இல்லாததால் அது முடியும். மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரியும். உட்காருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் புகைப்பட நாள், 2001 முதல் நடக்கிறது. அன்று எடுத்த ஒரு படத்தை அவர்களுடைய இணையக் கண்காட்சிக்கு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், மூக்கு பெரிதாக இருந்தாலும்.